பிள்ளையைக் காப்பாற்ற அம்மாவை ஒதுக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆளுமைக் கோளாறு உள்ள பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுக்கப் படிக்க முடிந்தது. அதில் வரும் 'அந்த மாதிரி அம்மா' நான்தான். எனக்கு இருப்பது பார்டர்லைன் எனப்படும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகள் சட்டென்று பொங்கி, கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் ஆட்டிப்படைக்கும் நிலை, என்று மருத்துவர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

கட்டுரை பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் படும் பாடு உண்மை, அதை மறுக்க எனக்கு வாயில்லை. அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்றால் பிள்ளையை முதலில் அங்கிருந்து அழைத்துப்போகத்தான் வேண்டும். ஆனால் கட்டுரை நெடுக அம்மா ஒரு ஆபத்தாகவே வருகிறாள். அவளிடமிருந்து பிள்ளையை எப்படி விலக்குவது என்பதற்கு அத்தனை பத்திகள். அவள் நல்ல அம்மாவாக இருக்க யார், எப்படிக் கைகொடுப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆளுமைக் கோளாறு உள்ள எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டியதும் சரியில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே, இலேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தீவிரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

உள்ளே இருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "போ, உன்னை எனக்குப் பிடிக்கல" என்று மூன்று வயதுப் பிள்ளை சொல்லும். சொல்லாத பிள்ளை உண்டா? மற்ற அம்மாக்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிள்ளையின் பேச்சாகக் கேட்காது. உலகத்தில் எனக்கென்று இருந்த கடைசி ஆளும் கைவிட்டுவிட்டதாகவே கேட்கும். யோசிக்கும் முன்பே கத்தியிருப்பேன். அரை மணி நேரம் கழித்து, என்னைவிடக் கேவலமான அம்மா இருக்க முடியாது என்று அழுதுகொண்டிருப்பேன். வீட்டில் இதற்கு வைத்த பெயர் 'நடிப்பு'.

அழுதபடியே மகளிடம் மன்னிப்பும் கேட்பேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாத அம்மா, நான் இனிமே நல்லா இருக்கேன்" என்பாள். அதை எவ்வளவு அழகான காட்சியாக நினைத்திருந்தேன் தெரியுமா? எனக்குத் தெரபி கொடுப்பவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த இடத்துல அம்மா யாரு?" அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரபியின் முதல் இரண்டு வருடம் மகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். சிகிச்சை தந்தவர்களும் தூக்கம், மாத்திரை, தற்கொலை எண்ணம் என்று எல்லாம் கேட்டார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா, அவளோடு பொழுது எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் கட்டுரையைப் போன்றவற்றைப் படிக்கும் அம்மாக்கள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வார்கள். என் வருத்தமெல்லாம் இதில்தான்.

கட்டுரையில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த 'அசையாத முகம்' சோதனை வருகிறது. அம்மா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் கைக்குழந்தை எப்படித் தவிக்கிறது என்பது வரை எழுதி நிறுத்திவிட்டீர்கள். அம்மா மறுபடி சிரித்துப் பேசியதும் குழந்தை மெல்ல மெல்ல அவளிடம் திரும்பி வருவது மீதிக் கதை. எந்தக் கோளாறும் இல்லாத அம்மாவும் குழந்தையும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒத்துப்போவதில்லை, விட்டுப்போனதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே முக்கியம் என்றும் அவர் சொன்னார். நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த மீதியைத்தான்.

மார்ஷா லினஹான் என்ற உளவியலாளர் உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைமுறையில், பொங்கும் உணர்ச்சியைக் கையாளவும் உறவைச் சீர்செய்யவும் பயிற்சி உண்டு. தானும் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர்தான் என்று அவரே 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். நான் அதைச் சொன்னால் கணவர் எதுவும் கேட்காமல் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இருபது நிமிடத்தில் திரும்பி வர வேண்டியது என் பொறுப்பு. வந்து, "அம்மா கத்தினது தப்பு. அது உன்னால வந்த கோபம் இல்ல. அதச் சரிபண்றதும் உன் வேலை இல்ல" என்று சொல்வேன். 'ஆனா நீயும்...' என்று இழுப்பதில்லை. கண்ணீரும் கிடையாது. எனக்கு அழுகை வந்தால் அது கணவரிடம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளையை உளவாளி ஆக்காதீர்கள். "அம்மா எந்த மூடுல இருக்கா, பாத்துட்டு வா" என்று அனுப்பினால் அவள் ஆயுள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் படித்துக்கொண்டே இருப்பாள். அப்புறம், என் ஒவ்வொரு கோபத்துக்கும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள். சில கோபம் நியாயமானதும்தான். இதற்கென்றே ஒரு மாத்திரையும் கிடையாது, கூடவே வரும் மனச்சோர்வுக்குத்தான் தருகிறார்கள்.

இது மாறாத குணம் என்று எழுதியிருந்ததும் பிசகு. மேரி ஸனாரினி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, இதே கோளாறோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலோருக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலையும் உறவுகளும் சீராவது மெதுவாகத்தான் நடக்கிறது, எனக்கும் அப்படியே.

கட்டுரையின் முடிவில் பிள்ளைகளுக்கான ஆலோசனைகள் தனிப் பெட்டியில் இருந்தன. அடுத்த தடவை பக்கத்திலேயே பெற்றோருக்கும் ஒரு பெட்டி போடுங்கள். எழுதும் முன் எங்களில் ஒருத்தியிடம் பேசுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகளின் பள்ளி நூலகத்தில் உங்கள் இதழ் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மா