மிச்ச மூன்று சுற்றையும் பலகையில் வையுங்கள்: சதுரங்கப் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் இணையவழியில் நடத்துகிற போட்டியில், போன ஞாயிற்றுக்கிழமை ஆறாம் சுற்றில், எங்கள் பிள்ளை ஒருத்தியின் ஆட்டத்தை "நேர்மை மீறல்" என்று எதிராளிக்குக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அன்றிரவு வட்ஸ்அப் குழுவில் பெற்றோரும் பயிற்றுநர்களும் மாறி மாறி எழுத, பதினொரு மணிபோல நீங்கள் குழுவைப் பூட்டினீர்கள். இப்போது அட்மின் மட்டுந்தான் அதில் எழுதலாம். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நாலு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் வேலணைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறவன். இந்தப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் நாலு பேர் ஆடுகிறார்கள். கேட்பது ஒன்றே ஒன்று. ஒன்பது சுற்றில் ஆறு முடிந்துவிட்டது. மிச்ச மூன்றையும் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில், நேருக்கு நேர், பலகையில் வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை தரம் 9 படிக்கிறாள். ஆடுவது தாயின் போனில். போனின் கண்ணாடி வலக்கரையில் வெடித்து, பலகையின் கீழ் வலது மூலைக் கட்டம் செத்துப்போய்க் கிடக்கிறது. எத்தனை தரம் அமத்தினாலும் எடுபடாது. வெள்ளைக் காய் வந்தால் அந்த மூலையில் நிற்பது எச்1 கட்டத்துக் கோட்டை. அதைத் தொட்டு நகர்த்த வழியில்லை. ராஜாவைத் தொட்டுக் காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் எடுத்து வைப்பது) செய்தால் கோட்டை தானாக இந்தப் பக்கம் தாண்டி வரும். கறுப்பு வந்தால் பலகை திரும்பிவிடும். அப்போது அதே மூலையில் ஏ8 கோட்டை. அதை வெளியே எடுக்க அவள் ராணிப் பக்கம் காஸ்லிங் செய்தாக வேண்டும்.

இது எனக்குத் தெரியாது. கறுப்புக்கு ஆடும்போதெல்லாம் ராணிப் பக்கம் போகிறாளே, ராஜாவுக்கு அங்கே காவல் குறைவு என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று, மூன்றாம் சுற்று முடிந்த பின்னேரம் அவளை ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள்: "அந்த மூலை வேலை செய்யாது சேர்."

நீங்கள் கேட்டபடி இரண்டாவது கமராவும் வைத்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து பலகையும் கையும் தெரிய சூமில் இணைய வேண்டும் என்றீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் போனை இரவல் வாங்கி, கதிரையில் சீனிப் பேணியை வைத்து அதில் சாத்தி வைத்தார்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, முற்றத்து வேம்பின் கீழ்தான் கிடைக்கும். ஐந்தாம் சுற்றில் "பின்னுக்கு ஆள் நடமாட்டம்" என்று உங்கள் கண்காணிப்பாளர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அது ஆட்டுக்குக் குழை போட வந்த அம்மம்மா. அவவுக்குச் செஸ் தெரியாது. ஆட்டுக்கும் தெரியாதென்றே நினைக்கிறேன்.

ஆறாம் சுற்று. வெள்ளைக் காய், 31ஆம் நகர்வு, ஒரு குதிரை கூடுதலாக வைத்திருக்கிறாள். ரொறன்ரோவில் அப்போது சாமம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அவளுடைய மாமா, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதுபோலத் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தார். ஸ்கிறீன் முழுக்க அழைப்பு வந்து நின்றது. வெட்டிவிட்டுப் பலகைக்குத் திரும்ப ஏழு செக்கன் பிடித்திருக்கிறது. ஆட்டச் சாளரத்தை விட்டு வெளியேறினால் தோல்வி என்பது உங்கள் விதி. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைத் தமிழாக்கினால், நேர்மை மீறல், ஆட்டம் எதிராளிக்கு.

அவளுக்கு அந்த வரி விளங்கவில்லை. போனை அப்படியே எடுத்துக்கொண்டு சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தாள். வாசித்துச் சொன்னேன். "நான் என்னத்தைக் களவெடுத்தனான், சேர்?" என்று கேட்டாள். அழவில்லை. தாய் பிறகு வந்து, "தம்பி, அண்ணா எடுத்ததுதானோ பிழையாப் போச்சு? இனி ஞாயிற்றுக்கிழமையில எடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றா. ஒரு விதி எங்கே போய் முட்டுகிறது பாருங்கள்.

இனி மற்றக் கதை. அதே போட்டியில் ஆறு ஆட்டமும் வென்று முன்னுக்கு நிற்கிற ஒரு பிள்ளை இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம், என்ன பெயர் என்று எழுத மாட்டேன். அதுவும் 14 வயதுப் பிள்ளைதான். ஆட்டங்களின் பதிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் என்பதும் அதில் உண்டு. எடுத்துப் பார்த்தேன். சிக்கலான நடு ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு எட்டு செக்கன். ராணியை வெட்டினால் திருப்பி வெட்ட எட்டு செக்கன். ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டந்தான் மிச்சம், யோசிக்க எதுவுமில்லை, அதற்கும் எட்டு, ஒன்பது செக்கன். செஸ் ஆடுகிற எவரும் இப்படி ஆட மாட்டார்கள். திருப்பி வெட்டுவதைக் கண் மூடித் திறக்குமுன் செய்வோம். பொறி இருக்கிற இடத்தில் நாலு நிமிடம் முழுசிக்கொண்டிருப்போம். ஒரே சீராக எட்டு செக்கன் என்றால், நகர்வை வேறு எங்கேயோ போட்டுப் பார்த்து, அங்கிருந்து பலகைக்குக் கொண்டுவர எடுக்கிற நேரம் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரவுசரிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த நகர்வை அம்புக்குறியால் காட்டுகிற நீட்சிகளும் இருக்கின்றன. சாளரத்தை விட்டு வெளியேறவே தேவையில்லை. உங்கள் விதி அதைப் பிடிக்காது. மாமாவைப் பிடிக்கும்.

முறைப்பாடு செய்தபோது "ஆதாரம் இல்லை" என்றீர்கள். அதை நான் மதிக்கிறேன். எனக்கும் நூறு வீதம் நிச்சயமில்லை. சில பிள்ளைகள் பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தாளத்தில் ஆடுவதும் உண்டு. 2022 செப்ரெம்பரில் அன்றைய உலகச் சம்பியன் கார்ல்சனே எதிராளியைச் சந்தேகப்பட்டுப் போட்டியை இடைநடுவில் விட்டுப் போனார். கடைசியில், தகுந்த காரணமில்லாமல் விலகினார் என்று 2023 டிசெம்பரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 10,000 யூரோ தண்டம் போட்டது அவருக்குத்தான். சந்தேகத்தை வைத்து ஒருவரையும் தண்டிக்க முடியாது, சரி. அந்த நியாயம் ஏழு செக்கன் தொலைபேசி அழைப்புக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது?

எங்கள் ஊரில் விளையாட்டில் ஏமாற்றுவதற்கு ஒரு சொல் இருக்கிறது: அளாப்புதல். கிளித்தட்டில் அளாப்பினவனை அடுத்த நாள் சேர்க்க மாட்டோம். 304 கடுதாசி அடிக்கும்போது சோடிக்காரன் தொண்டையைச் செருமித் துரும்பைக் காட்டிக்கொடுத்தால் கடுதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். யார் அளாப்புகிறான் என்று தெரிவதற்கு அங்கே கமரா வேண்டியிருக்கவில்லை. நாலு பேரும் ஒரே பாயில் இருந்தார்கள். நான் கேட்கிற மண்டபமும் அந்தப் பாய் மாதிரித்தான்.

கருவிகளுக்கு நான் எதிரி இல்லை. ஸ்ரொக்ஃபிஷ் என்கிற செஸ் மென்பொருள் இலவசம், என் பழைய லப்ரொப்பில் அதைப் போட்டுத்தான், ஆட்டம் முடிந்த பிறகு எங்கே பிழைத்தோம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். டீப் புளூ 1997 மேயில் அன்றைய உலகச் சம்பியன் கஸ்பரோவை வென்றபோது அது இரண்டு அலுமாரி அளவு கணினி. இன்றைக்கு ஒரு சாதாரண கைத்தொலைபேசியில் ஓடுகிற மென்பொருள் உலகச் சம்பியனையே தோற்கடிக்கும். கருவியோடு ஆடுவதே விளையாட்டு என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய போட்டிகளும் உண்டு. 1998இல் ஸ்பெயினின் லியோன் நகரில் கஸ்பரோவும் பல்கேரியக் கிராண்ட் மாஸ்டர் தோபலோவும் ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் இன்றைக்கும் கணினியின் உதவி எடுக்கலாம். ஒருவரும் அதைக் களவென்று சொல்வதில்லை, ஏனென்றால் விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

உங்கள் விதியில் என்ன இருக்கிறது? "வெளி உதவி கூடாது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆரம்ப நகர்வுகளை எழுதி வைத்த கொப்பியைப் பார்க்கலாமா என்று ஒரு தகப்பன் குழுவில் கேட்டார். உங்களில் ஒருவர் "பிரச்சினை இல்லை" என்றார். அடுத்த நாள் இன்னொருவர் "கூடவே கூடாது" என்றார். ஆரம்ப நகர்வுகளைக் காட்டுகிற பக்கத்தை இன்னொரு கணினியில் திறந்து வைத்தால்? அதற்கு ஒருவர் பெருவிரல் உயர்த்திய படம் ஒன்று போட்டார். அது ஆம் என்பதா, கேள்வி நல்லது என்பதா என்று இன்றுவரை தெரியாது. ஃபிடேயின் சட்டம் இதில் நேர் கோடு. 11.3ஆம் பிரிவின்படி ஆட்டம் நடக்கும்போது குறிப்பு, ஆலோசனை, வேறு பலகையில் ஆராய்வது எதுவும் ஆகாது. நடுவரின் அனுமதியில்லாமல் மின்னணுக் கருவி எதையும் ஆடுமிடத்தில் வைத்திருக்கவும் ஆகாது. அதைத் தமிழாக்கினால் அரைப் பக்கம்கூட வராது. நானே எழுதித் தருகிறேன், சரிபார்த்துப் போடுங்கள்.

மண்டபத்தில் வைத்தாலும் களவு நடக்கும் என்பீர்கள். நடந்திருக்கிறது. 2015இல் டுபாயில் ஒரு கிராண்ட் மாஸ்டரும், 2019இல் ஸ்ரஸ்பேர்க்கில் இன்னொரு கிராண்ட் மாஸ்டரும் கழிப்பறையில் போனோடு பிடிபட்டார்கள். இருவருடைய பட்டமும் போனது. பிடிபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தப் போட்டியில் இதுவரை பிடிபட்டது தரம் 9 பிள்ளையின் மாமா மட்டும்.

இணைப்புப் பிரச்சினைக்கு விலக்குக் கொடுக்க முடியாது, உலகம் முழுக்க இதுதான் நடைமுறை என்றும் எழுதியிருந்தீர்கள். 2020 ஓகஸ்ட் 30, இணையவழிச் செஸ் ஒலிம்பியாட்டின் இறுதி ஆட்டம், இந்தியாவும் ரஷ்யாவும். நடுவில் இணையம் சறுக்கி, இந்திய அணியில் இரண்டு பேருடைய இணைப்பு அறுந்து நேரம் ஓடிவிட்டது. இந்தியா முறையிட்டது. ஃபிடே கேட்டு விசாரித்து இரண்டு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தது. ஒலிம்பியாட்டில் கேட்க ஆள் இருந்தது. இங்கே குழுவைப் பூட்டிவிட்டீர்கள்.

ஒரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அளாப்புவதற்குப் பிள்ளைகள் மட்டும் காரணமில்லை. சான்றிதழுக்கு நாங்கள் அப்படி அலைகிறோம். ரியூசனில் "இது கட்டாயம் வரும்" என்று ஊகக் கேள்வி கொடுக்கிறவருக்குத்தான் கூட்டம். செயல்திட்டத்தைத் தகப்பன் செய்ய, பிள்ளை மேடையில் பரிசு வாங்க, நாங்கள் கைதட்டிப் படம் எடுக்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அம்புக்குறி காட்டுகிற ஒரு மென்பொருள் களவாகவா தெரியும்? ஒரு கெட்டிக்கார அண்ணாவாகத்தான் தெரியும். இதை நீங்கள் திருத்த வேண்டும் என்று கேட்கவில்லை, அது உங்கள் வேலையும் இல்லை. நான் எதற்கு எழுதத் தொடங்கினேனோ அதற்கே வருகிறேன்.

தயவுசெய்து மிச்ச மூன்று சுற்றையும் பலகையில் வையுங்கள். வீரசிங்கம் மண்டபமெல்லாம் வேண்டாம். பட்டணத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை தொடக்கம் பின்னேரம் வரை போதும். 15 நிமிட ஆட்டம் மூன்றுக்கு ஒரு நாள் தாராளம். வாசலில் ஒரு கடகம் வைத்தால், போனை நிறுத்திப் பெயர் ஒட்டி அதற்குள் போட்டுவிட்டு உள்ளே போகலாம். தீவகப் பிள்ளைகளுக்குத் தூரம் என்று எங்கள் சார்பில் நீங்கள் கவலைப்பட வேண்டாம். அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடுகிறது, நான் கூட்டிவருகிறேன். நெடுந்தீவிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவர்களுக்கு மட்டும் குறிகட்டுவானுக்குப் படகு வந்துசேரும் நேரத்தைப் பார்த்து முதல் ஆட்டத்தைத் தொடங்கினால் புண்ணியம்.

ஆறாம் சுற்றுப் புள்ளியைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய பெயருக்கு நேரே பெறுபேற்று அட்டவணையில் "நேர்மை மீறல்" என்று சிவப்பில் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு "இணைப்புத் தடை" என்று மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் அந்த அட்டவணையைப் பார்க்கிறார்கள்.

ஏழாம் சுற்று வருகிற ஞாயிறு என்று அறிவித்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் எழுதினால், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், உதவியாக இருக்கும். தமிழில் எழுதுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
வேலணையிலிருந்து ஒரு செஸ் வாத்தி

பி.கு.: எங்கள் நிலையத்தில் 12 பலகை இருக்கின்றன. ஒன்றில் கறுப்புக் குதிரை காணாமல் போய் ஒரு போத்தல் மூடி நிற்கிறது, மற்றதெல்லாம் முழுசு. மணிக்கூடு நாலு. அவற்றோடு கடகமும் நானே கொண்டுவருகிறேன்.