பிரியாத இந்தியாவைக் கூட்டல் கணக்கால் காண முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1947இல் பிரிவினை நிகழாதிருந்தால் இத்துணைக்கண்டத்தின் மக்கள்தொகையும் பொருளாதாரமும் இன்று எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து, தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நடக்காத வரலாற்றை எண்களோடு எண்ணிப் பார்ப்பது வீண்வேலை அல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டுரையாளர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றின் இன்றைய மக்கள்தொகையைக் கூட்டி 184 கோடி என்றும், உள்நாட்டு உற்பத்தியையும் அவ்வாறே கூட்டியும் விடை சொல்லியிருக்கிறார். இது, பிரிவினையால் விளைந்த எண்களைக் கொண்டே பிரிவினை நடக்காத உலகைக் கட்டுவதாகும்.

1951 கணக்கெடுப்பில் இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்கத்தில் சுமார் 4.2 கோடிப் பேரும், இன்றைய பாகிஸ்தானான மேற்குப் பாகிஸ்தானில் சுமார் 3.4 கோடிப் பேரும் இருந்தனர். இன்றோ வங்கதேசம் ஏறத்தாழ 17 கோடி. பாகிஸ்தான் 24 கோடி. பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் மாறியதற்குத் தலையாய காரணம், 1971இல் வங்கதேசம் தனி நாடான பிறகு டாக்கா அரசு குடும்பநலத் திட்டத்தை உயிர்ப்பிரச்சினையாகக் கருதி, பெண் களப்பணியாளர்களைக் கிராமங்களில் வீடுவீடாக அனுப்பியதுதான். ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த சராசரி அங்கே இரண்டை ஒட்டி இறங்கியது. பாகிஸ்தானில் இன்றும் மூன்றுக்கு மேல் நிற்கிறது. மூன்றும் ஒரே நாடாக இருந்திருந்தால் வங்கத்துக்கு அப்படியொரு திட்டம் வாய்த்திருக்குமா என்பதைக் கூட்டல் சொல்லாது. ஓர் ஆட்சியின்கீழ் இருப்பதாலேயே பிறப்பு விகிதம் ஒன்றாகிவிடும் என்றும் கொள்ள முடியாது: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் சராசரி 1.8, பீகாரின் சராசரி 3.0. ஆகவே ஒவ்வொரு மாகாணத்தையும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் மொத்தத்துக்கு வர வேண்டும்.

பொருளாதாரத்திலும் இதே நிலைதான். சணல் விளைந்தது கிழக்கு வங்க வயல்களில். ஆலைகள் இருந்ததோ கல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளி ஆற்றங்கரையில். 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பாகிஸ்தான் குறைக்க மறுத்ததால், இரு நாடுகளுக்கும் இடையிலான வணிகம் ஏறக்குறைய நின்றேபோயிற்று. பிறகு இந்தியா புதிதாகச் சணல் பயிரிட்டது. பாகிஸ்தான் கிழக்கு வங்கத்து நாராயண்கஞ்சில் புதிதாக ஆலை எழுப்பியது. பிரியாத நாட்டில் இந்த இரட்டைச் செலவு இருந்திராது. அதே வேளையில், ஏழை நாடு என்ற தனித் தகுதியால் வங்கதேசத்துக்கு மேலைச் சந்தைகளில் கிடைத்த சலுகைகளும், அவற்றின் துணையோடு வளர்ந்த ஆயத்த ஆடைத் தொழிலும் அங்கே இருந்திருக்குமா என்று கேட்காமல், அதன் இன்றைய ஏற்றுமதியை மட்டும் கூட்டிக்கொள்வது நேர்மையான கணக்காகாது.

சென்னையில் இருந்து எழுதுகிறேன் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரியாத இந்தியா என்பதற்கு அன்று மேசையில் இருந்த வடிவம் 1946இல் இந்தியா வந்த பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டமே. அதன்படி வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் மற்றும் போக்குவரத்துத் தொடர்பு ஆகியவையும் அவற்றுக்கான நிதியும் மட்டுமே மத்திய அரசுக்குரியவை. எஞ்சிய அதிகாரங்கள் மாகாணங்களுக்கு. அப்படியானால், ரயில் போக்குவரத்து மத்திய அரசிடம் இருந்திருக்கும் என்பதால், 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை ஒருவேளை வந்திருக்கும். நெய்வேலிச் சுரங்கத்துக்கான முதலைச் சென்னை மாகாணமே தேடியிருக்க வேண்டும். இந்தியா முழுவதும் உருக்கு ஒரே விலையில் கிடைக்கச் செய்த சரக்குக் கட்டணச் சமன்பாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. அதன் ஆதாயம் தெற்குக்கும் மேற்குக்கும், இழப்பு பீகாருக்கும் வங்கத்துக்கும் என்பது பொருளியல் படித்தோர் அறிந்ததே. மாகாணங்களின் ஏற்றத்தாழ்வு வேறுவிதமாக அமைந்திருக்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

பர்மா 1937இலேயே பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதையும் கட்டுரை விட்டுவிட்டது; எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும். அரிசிக்காகச் சென்னை நம்பியிருந்த நாடு அது; கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் 1930களில் செட்டிநாட்டு வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது.

இக்கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறார், எத்தகைய அரசமைப்பைக் கருதுகிறார், மாகாணவாரியாக எந்தப் பிறப்பு விகிதத்தை எடுக்கிறார் என்ற மூன்றையும் முதலில் அறிவித்துவிட்டுக் கணக்கைத் தொடருமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
திருவல்லிக்கேணி, சென்னை.