வலது பெட்டியில் வூஃபர் வயர் மாறிப் பூட்டப்பட்டுள்ளது: புகார் கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
காலி வீதி, கொழும்பு 04.

ஐயா / அம்மணி,

விடயம்: உத்தரவாதக் காலத்தில் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சோடியில் தொழிற்சாலைப் பிழை, "பொருளில் பழுதில்லை" என்ற உங்கள் பதிலுக்கு ஆட்சேபனை

உங்கள் காட்சியறையில் ரூ. 48,500 செலுத்தி வாங்கிய, 4 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கோன்) கொண்ட ஸ்பீக்கர் சோடி பற்றியது இக்கடிதம். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வரவில்லை என்று முறையிட்டபோது திருத்தும் பிரிவு பெட்டிகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "படுக்கையறை சிறியது, பேஸ் அறையைப் பொறுத்தது, பொருளில் பழுதில்லை" என்று எழுதித் திருப்பித் தந்தது. அந்தப் பதில் பிழையானது. பேஸ் குறைவு என்பதல்ல என் புகார். இரண்டு பெட்டிகளும் ஒன்றின் பேஸை மற்றது அழிக்கின்றன என்பதே புகார். வலது பெட்டியின் உள்ளே வூஃபருக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன.

உங்கள் திருத்துனர் இதை எப்படித் தவறவிட்டார் என்பது விளங்குகிறது. மேசையில் ஒரு பெட்டியை மட்டும் பாடவிட்டுக் கேட்டால் இந்தப் பழுது தெரியவே தெரியாது. ஒவ்வொரு பெட்டியும் தனியே நன்றாகத்தான் பாடும். இரண்டும் சேர்ந்து பாடும்போதுதான் குட்டு வெளிப்படும். பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் கிக் டிரம், பேஸ் கிட்டார் இரண்டும் நடுவில், அதாவது இரு பக்கத்துக்கும் சமமாகப் பதியப்பட்டிருக்கும். இடது வூஃபர் முன்னே தள்ளும் அதே கணத்தில் வலது வூஃபர் பின்னே இழுத்தால், ஒன்று தள்ளிய காற்றை மற்றது உறிஞ்சிவிடும். அலைநீளம் அதிகமான தாழ்ந்த ஒலிகள்தான் இதில் முழுதாக அடிபடும். மேல் ஒலிகள் அறையெங்கும் சிதறித் தப்பிவிடும். பாடகர் குரல் கேட்கிறது, மேளம் மட்டும் காணாமல் போகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு 70 ஹேர்ட்ஸ் சத்தத்தை விடுங்கள். தொலைபேசியின் அணுகல் அமைப்புகளில் உள்ள இடது-வலது சமநிலையை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளுங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சரியான சோடியில் நடுவுக்கு வந்ததும் சத்தம் கூட வேண்டும். இரண்டு வூஃபர்கள் ஒரே திசையில் இயங்கினால் 6 டெசிபல் வரை ஏறும். இந்தச் சோடியில் நடுவுக்கு வந்ததும் சத்தம் விழுந்துவிடுகிறது. ஒரு பெட்டி கொடுக்கும் பேஸைக்கூட இரண்டு பெட்டிகள் சேர்ந்து கொடுப்பதில்லை! பெட்டிகளின் முகங்களை ஓர் அங்குல இடைவெளியில் எதிரெதிராக வைத்தால் வித்தியாசம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

பிழை எந்தப் பெட்டியில் என்பதற்கு, அம்ப்ளிஃபயர் இல்லாத வலது பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிளஸ் முனையைச் சிவப்புக் கிளிப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபரின் கோன் வெளியே எழும்ப வேண்டும். இதில் உள்ளே போகிறது. (மேல் ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கப்பாசிற்றர் பற்றரி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும் என்பதால் அதற்கு ஆபத்தில்லை.) அம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கும் இடது பெட்டியை இப்படிச் சோதிக்க உத்தரவாத ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை.

"அப்படியென்றால் பின்பக்க வயரை மாற்றிக் கொழுவுங்கள், முடிந்தது" என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது. அது திருத்தமாகாது. மாற்றிக் கொழுவியதும் பேஸ் வருவது உண்மை. ஆனால் குரலின் கூர்மையான பகுதி, குறிப்பாக ச, ஸ ஒலிகள், நடுவில் நிற்காமல் இரு பக்கமும் பிய்ந்துபோகிறது. பெட்டிக்கு வரும் வயர் முழுவதும் மாறியிருந்தால் இப்படி நடக்காது. வெளியே மாற்றியதும் எல்லாமே சரியாகியிருக்கும். வூஃபரில் வயர் பூட்டும் இரண்டு தகடுகளில் மட்டும் வயர் மாறியிருப்பதால், வெளியே மாற்றும்போது வூஃபர் சரியாகி, இதுவரை சரியாக இருந்த ட்வீட்டர் தலைகீழாகிறது. எப்படிக் கொழுவினாலும் அந்தப் பெட்டிக்குள் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே இரண்டும் கைமாறும் குறுக்கு அலைவரிசையில், இந்த அளவுப் பெட்டிகளில் வழமையாக 2,500 முதல் 3,500 ஹேர்ட்ஸ் வரை, ஒரு பள்ளம் விழுகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் பிளஸ் தகட்டை அகலமாகவும் மைனஸைச் சிறிதாகவும் வைப்பது இந்தத் தவறு நேராமல் இருக்கத்தான். உள்ளே திறந்து இரண்டு கொழுவிகளை மாற்றிப் பூட்டும் வேலை இது. பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் அறைமீது பழி போடுவதுதான் ஆத்திரமூட்டுகிறது.

அறை விடயத்தையும் பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம், சீமெந்துச் சுவர்கள். ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர். அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 47 ஹேர்ட்ஸ், அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் 56 ஹேர்ட்ஸ். இந்த இரண்டு அலைவரிசைகளிலும் இந்த அறை பேஸைக் கூட்டித்தான் காட்டும், அதுவும் சுவரோரமும் மூலையும் என்றால் கேட்கவே வேண்டாம். அறையால் வரும் குறை ஆள் இடம் மாறினால் மாறும். வயரை மாற்றியதும் திரும்பி வரும் பேஸுக்கு அறை எப்படிப் பொறுப்பாகும்?

இனி விளம்பரம். "35 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை", "1200 வொட் பிஎம்பிஓ", "படுக்கையறைக்கு ஏற்ற அதிரடி பேஸ்" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அந்த 35 ஹேர்ட்ஸில் ஒலி எத்தனை டெசிபல் இறங்கியிருக்கும் என்று இல்லை. அதைச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒலியளவு மாறாமல் அலைவரிசையைப் பாதியாக இறக்க, கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 4 அங்குல வூஃபரால் 35 ஹேர்ட்ஸில் அது முடியாது. 35 ஹேர்ட்ஸை விட்டுப் பாருங்கள்: பெட்டியின் பின்பக்கத் துளையில் காற்றுச் சீறலும், 70 ஹேர்ட்ஸில் ஒரு கரகரப்பும்தான் கேட்கும். 1200 வொட் கதை அதைவிட மோசம். பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட், 60 வொட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுவரிலிருந்து 60 வொட் எடுக்கும் பெட்டி 1200 வொட் கொடுப்பது எப்படி? ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வலு என்று சொல்லப்படும் பிஎம்பிஓவுக்கு ஒத்துக்கொண்ட அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலுவைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

விற்பனையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். துளை பின்பக்கம் உள்ள இந்தப் பெட்டியைப் புத்தக அலுமாரிக்குள் சுவரோடு ஒட்ட வைக்கலாம் என்று காட்சியறையில் சொல்கிறார்கள். பின்னால் குறைந்தது நான்கு அங்குலம் விடாவிட்டால் பேஸ் குழம்பிப்போகும். அலுமாரிக்குத்தான் வேண்டும் என்பவருக்கு முன்துளைப் பெட்டியைக் காட்டுங்கள். பேஸ் குமிழைக் கடைசிவரை திருப்பச் சொல்வதும் கூடாது. 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு வலு தேவை. சின்ன அம்ப்ளிஃபயர் அங்கேயே திணறும். வூஃபர் விளிம்பு ஃபோமா, இறப்பரா என்றும் கையேட்டில் இல்லை. இதில் இருப்பது ஃபோம். கடற்கரையோர ஈரப்பதனில் அது சில வருடங்களில் உதிரும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே அறிய வேண்டாமா?

கோருவது இவ்வளவுதான். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள், ஒரே தொகுதியைச் சேர்ந்த புதுச் சோடி ஒன்றைத் தந்து, காட்சியறையிலேயே இரண்டு பெட்டிகளையும் சேர்த்து 70 ஹேர்ட்ஸில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அது இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். வலது பெட்டியை மட்டும் திறந்து திருத்துவதானால், என் முன்னிலையில் திருத்தி, உத்தரவாதம் தொடரும் என்று எழுத்தில் தந்தால் ஏற்றுக்கொள்வேன். களஞ்சியத்தில் உள்ள அதே தொகுதிப் பெட்டிகளையும் பற்றரி வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு கை மாறிப் பூட்டியிருந்தால் ஒரு பெட்டியோடு நின்றிருக்காது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் பழுதுக்கு ஒரு முறைப்பாடும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 30 ஆம் பிரிவின் கீழ் இன்னொரு முறைப்பாடும் போகும்.

பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, திருத்தும் பிரிவின் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளையும், பற்றரிச் சோதனையின் காணொளியையும் இணைத்துள்ளேன். பெட்டிகளை எடுத்துச்செல்ல ஆள் அனுப்புவதானால் வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பின் அனுப்பவும்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்