மொகாலியை மறந்த மேடைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி, கைப்பேசிகளுக்கான சிப் தயாரிக்கும் செமிகண்டக்டர் ஆலைகள் பற்றிய தலைவர்களின் பேச்சுகளில் 'இந்தியாவில் முதன்முறையாக' என்ற சொல் மேடைக்கு மேடை வருகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது.

1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த 'பிபிசி மைக்ரோ' என்ற பிரிட்டிஷ் வகைக் கணினி ஒன்று என் மேசையில் இருக்கிறது. நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் இரண்டு தொனியில் குரல் கொடுத்து உடனே தயாராகிவிடும். போன மாதம் அதன் பழைய கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று வெடித்து அறையெல்லாம் புகை. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "என்ன, சாம்பிராணி போடுகிறாயா?"

'முதன்முறை' என்கிறார்களே, பஞ்சாபின் மொகாலியில் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் எண்பதுகளிலேயே சிப் தயாரித்தது. 1989 தீ விபத்தில் ஆலை கருகியது. மீண்டெழ ஆண்டுகள் பிடித்தன. 2021-இல் ஒப்புதல் பெற்ற 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்துக்கு ஆளுங்கட்சி பெருமைப்படட்டும், எதிர்க்கட்சி கணக்குக் கேட்கட்டும். இருவரில் ஒருவராவது மொகாலியின் பெயரை உச்சரிக்கக் கூடாதா?

பி.கு.: கெப்பாசிட்டரை மாற்றிவிட்டேன். அம்மா இன்னும் அந்த அறைக்குள் வரவில்லை.

– வாசகர், கோயம்புத்தூர்