வட்டி தெரிந்த ஊரில் வட்டிப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகள் பொறியியல் பொருளியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அப்பாடம் இன்று கற்பிக்கப்படும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில சொல்ல விரும்புகிறேன்.

பழைய இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, புதியது வாங்குவதா என்பது போன்ற கேள்விகளில், இன்று கையைவிட்டுப் போகும் ரூபாயையும் பத்தாண்டு கழித்து வரப்போகும் ரூபாயையும் ஒரே தராசில் நிறுத்து முடிவெடுக்கப் பழக்குவதே இப்பாடத்தின் வேலை. ஆனால் நம் வினாத்தாள்களில் முதலீடு, ஆண்டு வரவு, ஆயுள், கழிவு மதிப்பு (ஆயுள் முடிந்தபின் விற்றால் கிடைப்பது), வட்டி வீதம் ஆகிய ஐந்தும் அச்சிட்டே வருகின்றன. மாணவர் வட்டி அட்டவணையைப் புரட்டி உரிய காரணியை, அதாவது அந்த வட்டிக்கும் ஆண்டுகளுக்கும் உரிய பெருக்கு எண்ணை, எடுத்துப் பெருக்கினால் முழு மதிப்பெண். வட்டி 12 விழுக்காடு என்று யார் சொன்னது, இயந்திரம் எட்டாண்டு உழைக்கும் என்பது எப்படித் தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நடத்தினேன். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே இருந்தது.

வட்டி வீதம் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதைச் செட்டிநாட்டு மாணவருக்கு விளக்க வெளிநாட்டுப் பாடநூல் தேவையில்லை. ரங்கூனில் தொழில் செய்த நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி, அப்போதைய பணப்புழக்கத்தைப் பார்த்து 'நடப்பு வட்டி'யை முடிவு செய்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, 'உங்கள் ஊரில் இப்போது என்ன வட்டி?' என்று கேட்டால், 'ரெண்டு வட்டி சார்' என்று பின்வரிசையிலிருந்தும் பதில் வரும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 தானே என்பவர்களிடம், மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்த்துப் போடச் சொன்னால் 26.8 வரும். பெயரளவு வீதம், பயனுறு வீதம் என்ற பிரிவைப் புரியவைக்க எனக்கு இதைவிட எளிய வழி கிடைத்ததில்லை. ஐ.ஆர்.ஆர்., அதாவது உள்ளார்ந்த வருவாய் வீதம், என்று எல்லாரும் மிரளும் பகுதியை ஒரு மாணவி, தன் தாயார் அவசரத்துக்குத் தள்ளி எடுத்த ஏலச்சீட்டைக் கொண்டே புரிந்துகொண்டார். கையில் வாங்கிய தொகையையும் பின்னர் கட்டிய தவணைகளையும் வரிசையாக எழுதி, இரண்டும் சமன்படும் வீதத்தைத் தேடிக் கண்டுபிடித்த அவர், விடையை வீட்டில் சொல்லவில்லை என்றார்!

எனக்குப் பிடித்த வினா மோட்டார் பற்றியது. 80 விழுக்காடு செயல்திறனுள்ள 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு 88 விழுக்காடுள்ளதைப் பொருத்தினால், ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடும் அரிசி ஆலையில் ஏறத்தாழ 850 யூனிட் மிச்சமாகும். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 6,800 ரூபாய். பத்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு, 10 விழுக்காடு வட்டியில், சுமார் 41,800 ரூபாய். இதுவரை எல்லாரும் போட்டுவிடுவார்கள். அதே மோட்டார் கிணற்றடியில் ஓடினால்? தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், விவசாயியின் கணக்கில் அந்த மிச்சம் பூஜ்யம். மின்சாரத்துக்கான செலவை ஏற்கும் அரசின் கணக்கிலோ அது முழுதாக நிற்கிறது. இயந்திரம் ஒன்றே, ஆனால் யாருடைய ஏட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அட்டவணையில் இதற்குக் காரணி கிடையாது.

ஒரு மதிப்பீடு தவறினால் என்ன ஆகும் என்று பார்க்கும் பகுதி பாடத்திட்டத்தின் கடைசியில் இருப்பதால் பெரும்பாலும் அவசரமாக முடிக்கப்படுகிறது. இதற்கும் நகரத்தார் கதையே உதவும். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு அங்கு கடன் கொடுத்துவந்த இந்தச் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937-இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. கேட்பதற்குச் செழிப்புப் போலத் தோன்றும். நடந்தது வேறு: நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் கைக்கு வந்து சேர்ந்தது; 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது அந்த நிலத்தைத் தூக்கிக்கொண்டு வர இயலவில்லை. கணக்கில் எவருக்கும் சளைக்காதவர்களையே ஒரு விலைச் சரிவு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இங்குள்ள மாணவருக்கு ஒரு முழு வகுப்பு எடுத்துச் சொல்லலாம்.

எண்களை மாணவரே தேடி எடுத்தால் ஆளுக்கொரு விடை வரும், திருத்துவது கடினம் என்பார்கள். உண்மைதான், நான் அவ்வாறு வைத்த உள்மதிப்பீட்டுத் தேர்வுகளைத் திருத்த இரு மடங்கு நேரம் ஆனது. எனவே முழு வினாத்தாளையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை. வட்டி வீதத்தையும் ஆயுளையும் தராமல், மாணவரே அனுமானித்து அதற்குக் காரணம் எழுதும்படியான ஒரு வினாவை, நெடுவினாப் பகுதியில் ஒன்றையாவது, வரும் பருவத்திலிருந்து சேர்க்குமாறு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்,
காரைக்குடி.