ரத்தக்கட்டு பச்சையாவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் மஞ்சள் காமாலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். விஷயம் சரிதான். ஆனால் காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறப்பொருளை ‘ரத்தக் கழிவு’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியது மனதுக்கு ஒப்பவில்லை. 31 ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த மஞ்சள் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரை) பார்க்காத நாளே கிடையாது.

போன மாதம் என் பேத்தி சைக்கிளிலிருந்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே ரத்தக்கட்டு. முதலில் கருஞ்சிவப்பு, அப்புறம் நீலம். ஆறாம் நாள் ஓரமெல்லாம் பச்சை. “சீழ் பிடிச்சிருச்சா தாத்தா?” என்று பயந்துவிட்டாள். சீழ் இல்லை. ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்ற நொதி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

ஹீம் என்பது ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் பகுதி. சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை ஆக்ஸிஜனைச் சுமக்கும். அணு உடைந்து வெளியே வந்தாலோ, செல்களின் சவ்வுக்குள் புகுந்து அங்குள்ள கொழுப்பைக் கெடுக்கும். ரத்தக்குழாயின் உள்சுவரையே புண்ணாக்கும். சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள்தான் என்பதால், அடி படாவிட்டாலும் உடலுக்கு இது அன்றாடப் பிரச்சினை. 1968-இல் கண்டறியப்பட்ட இந்த நொதி, ஹீம் வளையத்தை அறுத்துப் பச்சை நிறப் பிலிவெர்டின், இரும்பு, சிறிதளவு கார்பன் மோனாக்சைடு என்று பிரித்துவிடுகிறது. இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவிலிருந்து நாளுக்கு 1–2 மில்லிகிராம் இரும்புதான் உடலில் சேர்கிறது. புது ரத்தத்துக்கு நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் தேவை. அதில் பெரும்பகுதி இப்படி மீட்கப்படுவதுதான்.

பச்சை அடுத்து மஞ்சளாகிறதே, அதுதான் பிலிருபின். அது ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் நல்ல காவல் என்று 1987-இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

இந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1999-இல் ஜப்பானில் ஒரு சிறுவனைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவனுக்குப் பிறவியிலேயே இந்த நொதி கிடையாது. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருந்தன, சீரத்தில் ஹீம் மண்டிக் கிடந்தது, ரத்தக்குழாய்களின் உட்பூச்சு சிதைந்தது. பிலிருபின் மட்டும் குறைவு! ரத்தம் இவ்வளவு உடைந்தால் அது ஏறித்தானே இருக்க வேண்டும்? ஹீமை அறுக்க நொதி இல்லாததால் பச்சையும் இல்லை, அதிலிருந்து வரும் மஞ்சளும் இல்லை. என்னைப் போன்ற ஆய்வகக்காரன் அந்த அறிக்கையைப் பார்த்தால் ரத்த மாதிரி மாறிப்போயிற்றோ என்று மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

பிலிருபின் எவ்வளவு ஏறினாலும் நல்லது என்று சொல்லவில்லை. பச்சிளங்குழந்தைக்கு அளவு மீறினால் மூளையைத் தாக்கும். உடனே மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கட்டுரையில் அந்த எச்சரிக்கை அப்படியே இருக்கட்டும். ‘கழிவு’ என்ற சொல்லை மட்டும் அடுத்த முறை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்