இரண்டு 3.8 செக்கனும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் ஒரு மின்சார செடானையும் ஒரு பெற்றோல் எஸ்யூவியையும் ஒப்பிட்டிருந்தீர்கள். செடான், பி.வை.டி. சீல், நாலு சில்லும் இழுக்கிற வகை. மற்றது பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 எம் கொம்பெற்றிஷன், 2020 மாதிரி. இரண்டும் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை 3.8 செக்கனில் தொடுவதால், வேகமெடுப்பதில் இரண்டும் சமம் என்று முடித்திருந்தீர்கள். எண் சரி. சமம் என்றதுதான் பிழை. இரண்டிலும் இருந்து போனவன் என்பதால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதியில் 36 வருடம் கராஜ் வைத்திருந்தேன். போர் நாளில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட வைத்தவர்களில் நானும் ஒருவன். வண்டி எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் திணறும் என்பதைக் காதால் பிடிப்பதுதான் என் தொழில்.

எக்ஸ்5 எம்மில் ஜேர்மனியில் ஏறினேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகனின் கூட்டாளி ஏற்றிப்போனார். பெருந்தெருவில் ஏறும் வளைவில் மிதித்தார். கார் முதலில் ஒரு மூச்சு எடுத்தது. கியர்பெட்டி இரண்டு கியர் கீழே இறங்கியது, ரேர்போ எஞ்சினுக்குள் காற்றை நிரப்பியது, எட்டு சிலிண்டரும் உறுமியது, அதற்குப் பிறகுதான் முதுகு சீற்றில் ஒட்டியது. அந்த 3.8 செக்கன் வர வேண்டுமென்றால் பிறேக்கையும் அக்சிலரேற்றரையும் சேர்த்து மிதித்து, எஞ்சினைச் சுழலவிட்டு, பிறகு பிறேக்கை விட வேண்டும். றோட்டில் யார் அப்படி ஓடுகிறார்கள்?

சீலில் அந்த மூச்சே இல்லை. என் பெறாமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான். விடியப்புறம் கொடிகாமம் தாண்டி ஏ9 வெறிச்சென்று கிடந்தது. மடியில் தேத்தண்ணிப் போத்தல். நின்ற இடத்திலிருந்து மிதித்தான். போத்தல் வயிற்றில் அழுந்தியது, தலை பின்னால் சாய்ந்தது, 70இல் காலை எடுத்துவிட்டான். சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

காரணம் எளிது. பெற்றோல் எஞ்சின் சுழற்சி ஏறினால்தான் சில்லைச் சுழற்றும் முறுக்கு விசையை முழுதாகத் தரும். மின் மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு விசையையும் தரும். மாற்றுவதற்கு கியரும் இல்லை. அதனால்தான் 625 குதிரைவலுவும் 750 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையும் உள்ள எக்ஸ்5 எம் எடுக்கிற அதே நேரத்தை 530 குதிரைவலு, 670 நியூட்டன் மீற்றரோடு சீல் எடுக்கிறது. இரண்டும் இரண்டு தொன்னுக்கு மேல் பாரம். வேகம் கூடக் கூடக் கதை மாறும். சீலின் வேகம் 180க்கு மேல் ஏறாது, எக்ஸ்5 எம் 250 வரை போகும். ஆனால் நம் ஊருக்குள் 50தான் எல்லை, வெளியில் 70. நமக்கு வேண்டிய எண் 30க்கும் 60க்கும் இடையில் கிடக்கிறது.

அந்த எண்ணைக் கொக்குவிலில் கண்டேன். முன்னால் போன ஓட்டோவை முந்தப் பெறாமகன் லேசாகத்தான் அழுத்தினான். ஒழுங்கை வாயில் சீருடையில் ஒரு பிள்ளை சைக்கிளோடு நின்றது. வலது பக்கம் திரும்பிப் பார்த்து, தூரம் போதும் என்று எண்ணி, ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டது. அது பார்த்தபோது நாங்கள் 30இல் வந்தோம். அடுத்த செக்கன் அந்த 30 இல்லை. பெற்றோல் கார் என்றால் எஞ்சின் உறுமியிருக்கும், பிள்ளையின் கால் தானாகவே நிலத்துக்கு வந்திருக்கும். பெறாமகன் முழுதாகப் பிறேக் பிடித்தான். முன்சில்லுக்கும் எங்கள் பம்பருக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும். அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காரை முழுதாக மிதித்தால் 30இலிருந்து 60க்கு ஒரு செக்கனும் கொஞ்சமும்தான். 60இல் பிறேக் பிடித்து நிற்க, 30இல் வேண்டியதைப்போல நாலு மடங்கு தூரம் வேண்டும். மின்சாரக் கார் தானாக ஒலி எழுப்ப வேண்டும் என்ற ஐரோப்பிய விதியும் 20 கிலோமீற்றர் வேகம் வரைதான். அதற்கு மேல் ரயர்ச் சத்தம் போதும் என்று விட்டுவிட்டார்கள். கோயில் ஒலிபெருக்கியும் லொறியும் கத்துகிற சந்தியில் ரயர்ச் சத்தம் யாருக்குக் கேட்கும்?

மின்சாரக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகை இல்லை, ஓட்டம் அருமை, பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்ற 2022ஐ நான் மறக்கவில்லை. இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பிறகு இந்தக் கார்கள் இங்கே கூடிக்கொண்டு வருகின்றன, வரட்டும். ஆனால் விற்கிறவர்கள் திறப்பைக் கையில் கொடுக்கும்போதே ஈகோ (Eco) என்ற சிக்கன ஓட்ட முறையில் போட்டுக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதில் மிதி மெதுவாகத்தான் பேசும். பெறாமகனின் கார் இப்போது ஊருக்குள் அந்த முறையில்தான் ஓடுகிறது.

நீங்களும் அடுத்த ஒப்பீட்டில் 0–100க்குப் பக்கத்தில் 30–60ஐயும், 60இலிருந்து நிற்க எடுக்கும் தூரத்தையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
கொக்குவில்.